சீட்டில் இல்லாத நிபந்தனை

பஸ் டிப்போவில் டூட்டி போடுகிற வேலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ரொம்ப எளிது. இத்தனை பஸ், இத்தனை டிரைவர், ஆளுக்கு ஒன்று என்று எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் சங்கதி புரியும். இன்னாருக்கு முதுகு வலி, குலுங்குகிற வண்டி ஆகாது. இன்னாரும் இன்னாரும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் கொண்டுவந்து நிறுத்துகிற வண்டியை மற்றவர் கையில் வாங்க மாட்டார். ஒருவர் மகளுக்குப் பரீட்சை என்பார், இன்னொருவர் மாமனாருக்குப் பல் வலி என்பார். இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. போடுகிறவள் தலைக்குள் இருக்கவேண்டும்.

இந்த வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆறு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள். டிப்போவில் எல்லோரும் அவளை டூட்டியம்மா என்றே கூப்பிட்டார்கள். அவள் கணவரும் அங்கேதான் டிரைவர். சாயங்கால ஷிப்டு, எப்போதும்.

அந்த டூட்டியம்மா சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கப் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு கதவு. டிரைவர்கள்மேல் விசாரணை வந்தால் அவர்களுக்குப் பதில் எழுதித் தருவது அவள்தான். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அவர்கள் விசாரணை அறைக்குள் போவார்கள். அவள் வெளியே நிற்பாள். நல்ல பாயிண்டு ஒன்றை நாலாவது வரியில் வைத்திருப்பாள். உள்ளே போனவர் மூன்றாவது வரியிலேயே தடுமாறி, "தப்பு நடந்துபோச்சு சார்" என்று சொல்வது கதவு வழியாகக் கேட்கும். தலையில் அடித்துக்கொள்வாள். கதவுக்கு உள்ளே போய் நின்று தானே பேசவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு வக்கீல் பட்டம் வேண்டும். வேலையை விடாமல் படிக்க ஊரில் ஒரு சாயங்காலக் கல்லூரி இருந்தது. அதற்கு வயது வரம்பும் இருந்தது. இந்த வருடம் விட்டால் அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

இதில் சிக்கல் என்னவென்றால், அதே வீட்டில் அதே தேர்வுக்கு இன்னொருவனும் படித்தான். அவள் கொழுந்தன். மருந்துக்கடையில் வேலை. சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் கடையில் யாரோடு என்ன வாதம் செய்தான் என்று சொல்லத் தொடங்குவான். எதையாவது வாதாடாமல் அவனுக்குச் சோறு இறங்காது. இந்த வாய்க்கு ஒரு கோர்ட்டு இருந்தால் வீடு நிம்மதியாக இருக்கும் என்று அவன் அம்மாவே சொல்வார்.

அந்த அம்மா, அதாவது அவள் மாமியார், ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறார். தனியாக விடக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருவார். ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மூத்த மகன், அதாவது அவள் கணவர், சாயங்காலம் பஸ் ஓட்டப் போய்விடுவார். கல்லூரியோ வார நாட்களில் சாயங்காலம். ஆகவே அண்ணி, கொழுந்தன் இருவரில் ஒருவர்தான் கல்லூரிக்குப் போகமுடியும், மற்றவர் வீட்டில் இருக்கவேண்டும்.

யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவர் போவது என்று பேசி முடித்தார்கள். அவள் வயதைச் சொல்லி விட்டுக்கொடுக்கக் கொழுந்தன் முன்வந்தான். அவள் கேட்கவில்லை. போட்டி என்றால் போட்டி என்றாள். தன்னுடைய பலம் எது என்று தனக்குத் தெரியும் என்ற தைரியம்தான்.

அந்தத் தேர்வில் பல பகுதிகள். அதில் ஒன்று, ஆட்களை வரிசைப்படுத்துகிற புதிர். டூட்டி போடுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தபோது மற்றதெல்லாம் தேறியது. அந்தப் பகுதி மட்டும் மண்ணைக் கவ்வியது.

ஏன் என்று புரிய ஒரு புதிரைப் பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், சின்னதுதான். ஒரு டாக்டர் திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒருவரைப் பார்க்கிறார். தச்சர், தையல்காரர், ஓவியர், கொத்தனார் என்று நாலு பேர். ஓவியர் வந்ததற்கு மறுநாளே கொத்தனார் வருவார். தச்சர், தையல்காரருக்கு முந்தி வருவார். இவ்வளவுதான் நிபந்தனை. இப்போது கேள்வி: எது நிச்சயமாக உண்மை? தையல்காரர் வியாழக்கிழமை வருவார் என்பதா, ஓவியர் திங்கட்கிழமை வருவார் என்பதா, தச்சர் வியாழக்கிழமை வரமாட்டார் என்பதா?

அவள் மூச்சுவிடுகிற நேரத்தில் பட்டியல் போட்டுவிட்டாள். திங்கள் ஓவியர், செவ்வாய் கொத்தனார், புதன் தச்சர், வியாழன் தையல்காரர். நிபந்தனை எல்லாம் சரி. பட்டியலைப் பார்த்தாள். தையல்காரர் வியாழக்கிழமை இருக்கிறாரா, இருக்கிறார். டிக் அடித்தாள். விடை தப்பு.

கொழுந்தன் அவளுடைய தாளை எட்டிப் பார்த்து, அடியில் வேறொரு பட்டியல் எழுதினான். திங்கள் தச்சர், செவ்வாய் தையல்காரர், புதன் ஓவியர், வியாழன் கொத்தனார்.

"இதுவும் நிக்குதே அண்ணி. தையல்காரர் செவ்வாய்க்கிழமையே போயிட்டாரு."

"அது ஒரு பட்டியலா? கொத்தனாரைக் கடைசி நாள்ல தள்ளினா அவருக்கு அந்த வாரக் கணக்கு முடிக்கிற நாள் போயிடும். எவன் ஒத்துக்குவான்?"

"சீட்டுல எழுதியிருக்கா?"

இது அவன் கடைப் பேச்சு. டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் மருந்து. இருமலைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று தானாக ஒரு பாட்டிலைச் சேர்த்துக் கொடுக்க முடியாது. அவன் புதிரையும் அப்படித்தான் படித்தான். எழுதியதை விடமாட்டான், எழுதாததைச் சேர்க்கமாட்டான். அவளோ ஓவியருக்கும் கொத்தனாருக்கும் என்ன உறவு, தச்சருக்கு ஏன் அவசரம் என்று நாலு பேருக்கும் குடும்பமே உண்டாக்கிவிடுவாள். அன்றிலிருந்து புதிர்ப் பகுதி வந்தால் போதும், "சீட்டுல எழுதியிருக்கா அண்ணி?" என்று அவன் ஆரம்பித்துவிடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மாமியாருக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆனால் அவனும் ஓர் இடத்தில் வழுக்கினான். பத்தியைக் கொடுத்து, எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கிற பகுதி. அதில் அவன் எழுத்துக்கு எழுத்துத் தேடுவான், கிடைக்காது. அவள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு டிரைவர் காலையில் வந்து, "வானம் ஒரு மாதிரியா இருட்டிக்கிட்டு வருதும்மா" என்றால் வானத்தைப் பார்க்கக்கூடாது, அவர் லீவு கேட்கிறார் என்றாள். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. பத்தி எழுதிய ஒவ்வொருவரும் எதற்கு லீவு கேட்கிறார் என்று தேட ஆரம்பித்தான், மதிப்பெண்ணும் ஏற ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒருத்தர் கழுத்துக்கு ஒருத்தர் கத்தி தீட்டித் தருகிறீர்கள் என்று மாமியார் சிரித்தார்.

அவளுக்குப் புதிர்ப் பகுதி திறந்தது வீட்டிலல்ல, டிப்போவில்.

டிப்போவில் நீளப் பஸ் ஒன்று உண்டு. இரண்டு பஸ்களை எடுத்து நடுவில் ஒரு பெரிய துருத்தியை வைத்து ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அது திரும்புகிற அழகே தனி. முன்பாதி தெருமுனை தாண்டிப் போயிருக்கும், பின்பாதி இன்னும் பழைய தெருவிலேயே யோசித்துக்கொண்டிருக்கும். அதை ஓட்ட சாதாரண லைசென்ஸ் போதாது, தனிப் பயிற்சி வேண்டும். காலையில் டிப்போவை விட்டுப் போகிற முதல் வண்டியும் அதுதான், விடியுமுன்னே. அதை மாதக்கணக்கில் ஓட்டியவர் மீசைக்காரர் என்று பெயர் வாங்கிய ஒரு டிரைவர். பெரிய மீசை, சின்ன ஆள். மீசைதான் டூட்டிக்கு வருகிறது, அவர் கூட வருகிறார் என்று கிண்டல் செய்வார்கள்.

ஒருநாள் அவர் பலகையைப் பார்த்துவிட்டு நேராக அவள் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, என்மேல என்ன கோபம்? உலகத்துல வேற ஆளே இல்லையா?"

அவள் கோபப்படவில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து அவர் முன்னாலேயே மாற்றிப் போட்டுக் காட்டினாள். நீளப் பஸ் ஓட்டத் தெரிந்தவர்களில் ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன். அவரை எடுத்துவிடு. இன்னொருவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அந்நேரத்துக்கு அவர் வந்து சேர பஸ் கிடையாது. முதல் வண்டியே இங்கிருந்துதானே போகிறது. அவரையும் எடுத்துவிடு. மிச்சம் யார்?

"நான் உங்களைப் போடலைங்க. மத்தவங்களைப் போட்டுப் போட்டுப் பாக்கறேன், நிக்கல. எப்படி மாத்தினாலும் நீங்கதான் வந்து விழறீங்க."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

மீசைக்காரர் தாளையே பார்த்தார். "மூணு பேர்தானா?" என்றார்.

"மூணு பேர்தான்."

"சரி. நீ சொன்னா சரி." மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

பதில் சொன்னாளே தவிர, அவர் கேட்டது அவள் காதில் சரியாக விழவில்லை. மனசு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. நிச்சயம் என்பது, நன்றாக அமைந்த ஒரு பட்டியலில் கண்ணால் பார்ப்பது இல்லை. எத்தனை விதமாக மாற்றினாலும் மாறாமல் நிற்பது. ஆகவே அதைக் கண்டுபிடிக்க அதைக் கட்டிக்காக்கக்கூடாது, உடைக்கப் பார்க்கவேண்டும். தையல்காரர் வியாழக்கிழமையா? வேறு நாளில் வைத்துப் பார். நிற்கிறது, அப்படியானால் நிச்சயமில்லை. ஓவியர் திங்கட்கிழமையா? தள்ளிப் பார். அதுவும் நிற்கிறது. தச்சரை வியாழக்கிழமை வை. அவருக்குப் பின்னால் வரவேண்டிய தையல்காரருக்கு நாளே இல்லை. உடைந்துபோகிறது. ஆக, தச்சருக்கு வியாழன் கிடையாது என்பது மட்டும்தான் நிச்சயம். டிப்போவில் அவளுக்கு வேண்டியது நடக்கிற ஒரு பட்டியல். அது கிடைத்ததும் பேனாவை மூடிவிட்டுப் பழகியவள். தேர்விலும் முதல் பட்டியலோடு பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு விடையையும் விரோதியைப் போலப் பார்த்தாள். உடைத்துப் பார்த்து, உடையாததை மட்டும் எடுத்துக்கொண்டாள். கொழுந்தனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது.

தேர்வு எழுதியது ஒரு பள்ளிக்கூடத்தில். சின்னப் பிள்ளைகளுடைய பெஞ்சு, முழங்கால் இடித்தது. அவள் எல்லாவற்றையும் எழுதி முடித்தாள். வெளியே வந்ததும் இருவரும் விடை எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பசிக்கிறது என்று மட்டும் பேசிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

முடிவு வந்த அன்று கணவருக்கு வார ஓய்வு. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாக்கரின் காலில் தேய்ந்துபோன ரப்பரைக் கழற்றிப் புதிது மாட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தன் போனில் பார்த்துச் சொன்னான். இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கிற மதிப்பெண்தான். ஆனால் அவனுக்கு அவளைவிட இரண்டு கூட.

ரப்பர் வாக்கரின் காலில் ஏறமாட்டேன் என்றது.

கொழுந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். தனக்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது, அடுத்த வருடம் போகிறேன் என்றான். அந்த இரண்டு மதிப்பெண்ணும் வானம் இருட்டிய கணக்கில் அண்ணி போட்ட பிச்சைதானே என்றான்.

"பேச்சுன்னா பேச்சு தம்பி. நான் போட்ட பிச்சையை எனக்கே திருப்பிப் போடாதே." ஒரு தாளை எடுத்தாள். "வேற வழி இருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா? இதைத்தானே தினமும் செய்யறேன்."

எழுதினாள். வீட்டில் ஆட்கள் இன்னின்னார். சாயங்காலம் அத்தையோடு ஒருவர் இருக்கவேண்டும்; இது டாக்டர் சொன்னது. பகல் அம்மா ஐந்து மணிக்குமேல் இருக்கமாட்டார். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டாயிற்று. கல்லூரி சாயங்காலம்தான், அது அவர்கள் நோட்டீசில் அச்சடித்திருக்கிறது. உங்கள் பெரிய மகனுக்குச் சாயங்கால ஷிப்டு. ஆக, மிச்சம் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் என்று சொல்லிக்கொண்டே கோடு போட்டாள்.

கட்டிலிலிருந்து ரயில் நிலையக் குரல் வந்தது.

"சீட்டுல எழுதியிருக்கா?"

"எது அத்தை?"

"கடைசியா சொன்னியே. இவனுக்குச் சாயங்கால ஷிப்டுன்னு. அதை எவன் எழுதினான்?"

அவள் பேனா நின்றுவிட்டது. அதை எழுதியவள் அவள்தான். வாரா வாரம் அவள் கையால் எழுதியது.

ஆறு வருடத்துக்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: இனி வீட்டுக்காரருக்கு யோகம்தான், கேட்ட வண்டி, கேட்ட நேரம். யார் சொன்னது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று போட்ட பட்டியலில் கணவரை யாருமே விரும்பாத சாயங்கால ஷிப்டில் போட்டாள். அடுத்த வாரமும் போட்டாள். பிறகு அது நிபந்தனையாகிவிட்டது. டிப்போ விதியிலோ ஷிப்டு மாற்றம் கேட்பவருக்கு மூப்பு வரிசைப்படி தரவேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. மூப்பில் அவர் முன்வரிசை. எல்லா டிரைவரையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவள், ஒருவரை மட்டும் எடுத்துப் பார்த்ததே இல்லை.

"நீங்களாவது கேட்டிருக்கலாமே," என்றாள் கணவரிடம்.

அவர் ரப்பரை ஒரு தட்டுத் தட்டி உள்ளே ஏற்றினார். "கேட்டா, பொண்டாட்டிகிட்டச் சொல்லி மாத்திக்கிட்டான்னு உன்னைத்தானே பேசுவாங்க. அதான் கேக்கல."

"நல்ல ஜோடி போ," என்றார் மாமியார். "வாயே திறக்காம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டிருக்கீங்க. இதுல வக்கீலுக்கு வேற படிக்கறா."

கொழுந்தன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

"என்னங்க, நீங்க நீளப் பஸ் பயிற்சி முடிச்சவர்தானே?"

"மீசைக்காரரும் நானும் ஒண்ணாத்தான் முடிச்சோம். ஏன்?"

மூணு பேர்தானா என்று அன்று மீசைக்காரர் கேட்டது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. மூன்று பேர் இல்லை, நாலு பேர். நிச்சயம் என்றால் என்னவென்று அவள் கற்றுக்கொண்ட கணக்கே நிச்சயமில்லாத கணக்கு. வழி சரி, ஆள் எண்ணிக்கை தப்பு. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார், மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்.

மறுநாள் கணவர் ஷிப்டு மாற்றம் கேட்டு மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தார். தன் வீட்டு விஷயத்தைத் தானே தீர்க்கக்கூடாது என்று அவள் அந்தத் தாளைத் தொடவில்லை. மேனேஜர் மூப்பு வரிசையைப் பார்த்தார், இவ்வளவு நாள் இவர் ஏன் கேட்கவில்லை என்றார். வீட்டில் கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று சொல்லி வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரப் பட்டியலில் கணவர் பெயரைக் காலை ஷிப்டில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. எந்த வண்டி என்ற கட்டத்தில் நீளப் பஸ் என்று போட்டாள். ஒரு வாரம் இவர், ஒரு வாரம் மீசைக்காரர். யோகம் என்று சொல்ல விரும்புகிறவர் விடியுமுன்னே எழுந்து வந்து சொல்லட்டும்.

பலகைக்கு முன்னால் மீசைக்காரர் வெகுநேரம் நின்றார். பிறகு மேசைக்கு வந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"நாலு பேர்னு உங்களுக்குத் தெரியும்தானே? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்தான். நீயே வக்கீலுக்குப் படிக்கிற. மெதுவா வந்து சேருவேன்னு விட்டுட்டேன்." மீசையின் ஒரு முனையை முறுக்கினார். "கொஞ்சம் மெதுவாத்தான் வந்தே."

கல்லூரி திறந்த அன்று சாயங்காலம் அண்ணியும் கொழுந்தனும் ஒன்றாகக் கிளம்பினார்கள். கணவர் அம்மாவின் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தார்; அவருக்கு அன்று நீளப் பஸ். இவனை யார் பார்த்துக்கொள்வது என்று மாமியார் கேட்டது வாசல்வரை கேட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியெல்லாம் கொழுந்தன் பேசிக்கொண்டே வந்தான். வகுப்பில் முன்பெஞ்சில் உட்காரவேண்டும், முன்பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குத்தான் வாத்தியார் கவனம் கிடைக்கும் என்றான்.

"சீட்டுல எழுதியிருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள்.